“நான் பாத்துக்கிறேன் ராத்தா”

மே 19, 2025 – திங்கள்

காலையிலிருந்து மழை. கட்டுக்கலைச் சந்தியில் வாகனங்கள் நகரவில்லை என்று அம்மா சன்னலில் நின்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கென்ன? கட்டிலிலிருந்து மேசைக்கு நான்கு எட்டு. அவ்வளவுதான் என் பயணம்.

குழுத் தலைவியாகி இன்றோடு ஒரு மாதம். அதே பழைய கதிரை. தலையிடி மட்டும் புதிது.

எங்கள் வேலையை அம்மாவுக்கு இன்னும் விளங்கப்படுத்த முடியவில்லை. இங்கிலாந்தில் தனியாக இருக்கும் வயோதிபர்களின் வீடுகளுக்கு, குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் ஆள் அனுப்புகிற நிறுவனம் அது. யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று ரோஸ்டர் போடுவது நாங்கள் நான்கு பேர். நான் கண்டியில், பாயிஸா ராத்தா (அக்காவை முஸ்லிம்கள் அப்படித்தான் அழைப்பார்கள்) அலவத்துகொடையில், சதுரிகா கலகெதரையில், ஜெயராஜ் யாழ்ப்பாணத்தில். எங்கள் மேலாளர் ஃபியோனா அங்கே, இங்கிலாந்தில்.

“அங்க இருக்குற கிழவிக்கு யாரு சோறு குடுக்கணும்னு நீ இங்கருந்து சொல்றியா?” என்றார் அம்மா. ஆமாம் என்றேன். “அவங்க ஊர்ல சொல்றதுக்கு ஆளில்லையா?”

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு எல்லோரும் கெமராவைப் போட்டுக்கொண்டு பேச வேண்டும் என்பது ஃபியோனா வைத்த வழக்கம். முகம் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்பது அவள் கட்சி. திரையில் பாயிஸா ராத்தாவின் சதுரத்தில் ஒரு விசேஷம் உண்டு. பேச்சின் நடுவில் ஒரு கை வந்து தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போகும். அவருடைய கணவரின் கை. முகத்தை நாங்கள் கண்டதே இல்லை. ஜெயராஜ் அவருக்கு “கை அத்தான்” என்று பேர் வைத்திருக்கிறான். ராத்தாவே அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்.

மே 22 – வியாழன்

பாயிஸா ராத்தாவின் கணவர் போய்விட்டார். அக்குறணையில், வேலை செய்த கடையில் நின்றபடியே நெஞ்சுவலி. நாற்பத்தொன்பது வயது.

மே 23 – வெள்ளி

அலவத்துகொடைக்குப் போய் வந்தேன். நேற்றே அடக்கம் செய்துவிட்டார்கள். ராத்தா வெள்ளை உடுத்து உள்ளறையில் பெண்களுக்கு நடுவே இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்தேன். ஃபியோனாவுக்கு நேற்றே அறிவித்திருந்தேன். இரண்டு வாரம் விடுமுறை கொடுத்து, ராத்தாவுக்கு ஒரு நல்ல கடிதமும் எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே மறித்து, குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். பிறகு சோறு போடும்போது கேட்டார், “புள்ளைங்க?” ஒரே மகள், ஆஸிகா, படித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். “பாவம். இனி அவ காலம் அவ்வளவுதான்” என்றார்.

அப்பா இறந்து பதினோரு வருடம். கல்யாண அழைப்பிதழோடு யாராவது வந்தால், குங்குமத் தட்டை வெளியே எடுக்கும் முன்பே அம்மா சமையலறைக்குள் போய்விடுவார். யாரும் போகச் சொல்வதில்லை. போகாதே என்றும் யாரும் சொல்வதில்லை, நான் உட்பட.

ஜூன் 9 – திங்கள்

ராத்தா அழைத்தார். குரல் மெலிந்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

“கஜா, நான் வேலைக்கு வாரேன். ஊட்டுலருந்து தானே. பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கிட்டயும் கேட்டுட்டேன், செய்யலாம்னு சென்னாங்க. நான் இப்ப இத்தாவுல ஈக்கிறேன், புருஷனுக்குத் துக்கம் காக்குற காலம். நாலு மாசம் பத்து நாள். அது முடியிற வரைக்கும் அன்னிய ஆம்புளைகளுக்கு முன்னுக்கு வர மாட்டேன். அதனால கெமரா மட்டும் ஏலாது. மத்த எல்லாம் செய்வேன். ஃபியோனாக்கிட்ட நீங்களே வெளங்கப்படுத்திச் செல்லிடுங்க. ஒங்கட இங்கிலீஷ் நல்லந்தானே.”

“நான் பாத்துக்கிறேன் ராத்தா” என்றேன்.

ஜூன் 12 – வியாழன்

ஃபியோனாவோடு தனியாகப் பேசினேன். சொல்ல வேண்டியதை நான்கு வசனமாகத் தாளில் எழுதி, விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அவள் வேறு ஒரு கதையோடு ஆரம்பித்தாள். இன்னொரு நாட்டில் இருக்கிற குழுவில், ஒருவன் மூன்று மாதமாகத் தன் மைத்துனனைத் தன் பெயரில் வேலை செய்ய வைத்திருக்கிறான். பிடிபட்டுவிட்டான். இனி எல்லோருடைய முகமும் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, “பாயிஸா நாளைக்கு வருவாளா?” என்று அன்பாகத்தான் கேட்டாள்.

தாள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது வேறு. “வருவார். ஆனால் அலவத்துகொடையில் இணைப்பு மோசம். கெமரா போட்டால் அறுந்துவிடும்.”

மைத்துனன் கதையைக் கேட்டபிறகு ஒருத்தி நான்கு மாதம் முகம் காட்ட மாட்டாள் என்று எப்படிச் சொல்வது? நீண்ட விடுமுறை எடு என்பார்கள். பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ராத்தாவின் வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான். பெரிய பொய்யா இது? இந்த மலைநாட்டில் யார் வீட்டில்தான் இணைப்பு ஒழுங்காக இருக்கிறது?

ஜூன் 13 – வெள்ளி

ராத்தாவின் சதுரம் கறுப்பாக, பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில். ஃபியோனா அந்தக் கறுப்பைப் பார்த்துச் சொன்னாள்: “பாயிஸா, கெமராவைப் பற்றி ஒன்றும் யோசிக்காதே. கஜா எனக்கு எல்லாம் சொன்னாள்.”

உடனே ராத்தா பக்கத்துச் செய்திப் பெட்டியில் எழுதினார்: “புரிந்துகொண்டதற்கு மிகவும் நன்றி. இது எனக்குப் பெரிய ஆறுதல்.”

ஃபியோனாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் தண்ணீர் குடிப்பதுபோலக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

கூட்டம் முடிந்ததும் ராத்தா எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். “நல்ல மனிசி கஜா. வேற மதத்து ஆளு, வேற நாடு. ஒரு கேள்வி கேக்கல்ல பாருங்க. அல்லாஹ் அவங்களுக்கு நல்லது செய்யணும்.” மூன்று தரம் கேட்டேன். பதில் அனுப்பவில்லை.

ஜூன் 15 – ஞாயிறு

இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை?

ஜூன் 27 – வெள்ளி

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஃபியோனா நிறுவனத்தோடு பேசி, ராத்தாவின் வீட்டுக்குப் புதிய ரவுட்டர் ஒன்றுக்கு ஒழுங்கு செய்துவிட்டாளாம்! கண்டியில் ஒரு கடை பிடித்து, வீட்டில் பொருத்திப் பூட்டிக் கொடுக்க ஆளும் ஏற்பாடாகிவிட்டது. “கணவரை இழந்தவள். வெள்ளிக்கிழமையாவது எங்கள் முகங்களைப் பார்க்கட்டும்” என்று எழுதியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தைத்தான் நான் மறைத்துவிட்டேனே. மிகவும் நல்லது என்று பதில் போட்டேன்.

ராத்தாவை முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும். என்னவென்று எச்சரிப்பது?

ஜூலை 3 – வியாழன்

பதினொரு மணிக்கு டெக்னீசியன் என் தொலைபேசிக்கு அழைத்தான். “மிஸ், இங்க உள்ளுக்கு விட மாட்டேங்கிறாங்க. நான் திரும்பிப் போகவா?”

வைத்து முடிக்கவில்லை, ராத்தா.

“கஜா, யாரோ ஒருத்தர் பொட்டி ஒண்டோட வாசல்ல நிக்கிறாரு. ஊட்டுக்குள்ள வந்து பூட்டணுமாம். நல்ல நேரம் சாஹுல் நானா இங்க ஈந்தாரு. ஃபியோனாக்குத் தெரியும் தானே நான் எந்த நெலமையில ஈக்கிறேன்னு? ஆம்புளைய அனுப்புறதுக்கு முன்னுக்கு ஒரு சொல்லுக் கேக்கப்படாதா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் ஆள் நிற்கிறான், உள்ளே ராத்தா அறைக்குள் ஒதுங்கி நின்று பேசுகிறார், அவருடைய அண்ணன் பின்னால் யாரிடமோ சத்தம் போடுவது எனக்குக் கேட்கிறது. நான் சொன்னது: “கொம்பனியில எல்லாருக்கும் குடுக்குறாங்க ராத்தா. ஃபியோனாவுக்கு அது மறந்துபோயிருக்கும்.”

பார். பழியைத் தூக்கி நல்லது செய்தவளின் தலையிலேயே போட்டாயிற்று.

ரவுட்டரை வாசலில் வாங்கி ஆஸிகாவே பூட்டிவிட்டாளாம். கெட்டிக்காரி. இணைப்பு இப்போது பளபளவென்று இருக்கிறதாம்.

ஜூலை 11 – வெள்ளி

இன்றும் ராத்தாவின் சதுரம் கறுப்பு. ஃபியோனா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஜெயராஜ் தனியாக அழைத்தான். “அக்கா, ஒண்டு கேக்கட்டே? குறை நினைக்கக் கூடாது. பாயிஸா அக்காட பேரிலை வேறை ஆரும் இருந்து வேலை செய்யினமோ?”

“என்ன தம்பி இப்பிடிக் கேக்குறீங்க?”

“முந்தி எவ்வளவு பகிடி விட்டுச் சிரிப்பா. இப்ப எழுதிக் கேட்டால் ஓம், இல்லை எண்டு மட்டும்தான் பதில் வருது. லைனும் எங்கட எல்லாரையும் விட நல்லாக் கிடக்கு. பிறகேன் முகத்தைக் காட்டுறா இல்லை?”

“அவங்க கவலையில இருக்காங்க” என்றேன். “ஓம், அதுவும் சரிதான்” என்றான். குரலில் சரி இல்லை. ராத்தாவை அக்கா அக்கா என்று சுற்றிக்கொண்டிருந்தவன் இவன். ரோஸ்டரில் ராத்தா போட்டதை இப்போது இரண்டாம் தரம் சரிபார்க்கிறான். நான் திரையில் பார்த்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ரவுட்டரைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 15 – செவ்வாய்

ஃபியோனா கேட்டேவிட்டாள். இணைப்புப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறாள். நால்வரில் ராத்தாவின் இணைப்புத்தான் மிக நல்லது. “கஜா, எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?”

மெதுவாகத்தான் கேட்டாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவள் போல நேரம் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு முன் என்றால் ராத்தாவைப் பற்றி நான்கு வசனம் சொன்னால் போதும். இப்போது என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

“இல்லை” என்றேன். அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

ஜூலை 18 – வெள்ளி

பாதுகாப்புப் பிரிவிலிருந்து ராத்தாவுக்கு மின்னஞ்சல், பிரதி எனக்கு. திங்கட்கிழமை இரண்டரைக்குக் கெமராவில் தோன்றி, அடையாள அட்டையைக் காட்டி, தானே வேலை செய்வதை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் வேலை செய்யும் அனுமதி நிறுத்தப்படும்.

ராத்தா அழைத்தார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “தெரிஞ்சிக்கிட்டே கேக்குறாங்களா கஜா? யோசிக்காதேன்னு சென்னவங்க தானே. நான் என்ன பிழை செஞ்சேன்? வேலைக்குத் திரும்பினதுலருந்து ஒரு நாள் லீவு கூட எடுக்கல்லயே.”

“நான் பாத்துக்கிறேன் ராத்தா.”

என் வாயில் இந்த வசனம் ஊறிப்போய்விட்டது.

ஜூலை 20 – ஞாயிறு

ஃபியோனாவுக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு வரி. எல்லாம் இருக்கிறது, என் பொய்யும் இருக்கிறது. அனுப்பவில்லை. எழுத்தில் சொல்வதைவிட நாளை கூட்டத்துக்கு முன்னால் முகம் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். மரியாதையாம். பயந்தாங்கொள்ளிக்கு வாய் மட்டும் நீளம்.

ஜூலை 21 – திங்கள்

இரண்டு இருபத்தைந்துக்கு இணைந்தேன். ஃபியோனாவிடம் தனியாக ஒரு நிமிடம் கேட்கலாம் என்று. அதற்கு முன்பே பாதுகாப்புப் பிரிவு ஆள் வந்து இருந்தான். ஆம்பிளை. நாற்பது வயதிருக்கும், கழுத்துப்பட்டி, கையில் பேனை. வணக்கம் சொன்னான். நான் வாயைத் திறந்தேன். அவன் காலநிலையைப் பற்றிக் கேட்டான். மழை என்றேன். மழையைப் பற்றிப் பேசினேன் நான்! இரண்டு நிமிடம்!

ராத்தா வந்தார். கறுப்புச் சதுரம். ஒரு நிமிடம் பொறுங்கள், நான் ஒன்று சொல்ல வேண்டும் — இதுதான் நான் சொல்ல வேண்டியது. அதற்குள் அந்தச் சதுரம் வெளிச்சமாகிவிட்டது.

வெள்ளை உடுத்து, வெள்ளை முக்காடு. இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடையாள அட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணை மட்டும் கடைசி வரை உயர்த்தவில்லை. அவன் இலக்கத்தை வாசிக்கச் சொன்னான், வாசித்தார். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொன்னான். திருப்பினார். நன்றி, அவ்வளவுதான் என்றான். சதுரம் மறுபடி கறுத்தது.

அந்த வெள்ளை முக்காட்டைப் பார்த்ததும் ஃபியோனாவுக்கு ஏதோ பிழை நடந்துவிட்டது என்று பட்டிருக்க வேண்டும். முகம் சிவந்திருந்தது.

நான் என்ன செஞ்சிட்டேன்? ஐயோ, நான் என்ன செஞ்சிட்டேன்.

ஜூலை 22 – செவ்வாய்

சொல்லிவிட்டேன். தாள் இல்லாமல், ஒழுங்கில்லாத ஆங்கிலத்தில், அழுதுகொண்டு.

ஃபியோனா, “அவள் எனக்கு நன்றி சொன்னாளே. பெரிய ஆறுதல் என்றாளே. இணைப்புக்கு ஏன் இவ்வளவு நன்றி என்று அன்றைக்கே யோசித்தேன்” என்றாள். பிறகு, “சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் சரி என்றிருப்பேன். பரிசோதனையைக்கூட ஒரு பெண் செய்திருக்கலாம். நான் மறுப்பேன் என்றா நினைத்தாய்?”

இல்லை. அதுதான் வெட்கக்கேடு. அவள் மறுப்பாள் என்று நான் உண்மையில் நினைக்கவே இல்லை. கணவன் செத்ததும் ஒருத்தி வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கிறாள் என்று சொன்னால் வெள்ளைக்காரி என்ன நினைப்பாள் என்றுதான் என் வாய் அடைத்தது. ராத்தா கூசாமல் சொன்ன ஒன்றை, ஒளிக்க வேண்டிய விசயமாக நான் எடுத்துக்கொண்டேன். மைத்துனன் கதை, வேலை போய்விடும் என்ற பயம் எல்லாம் அதற்குப் போட்ட போர்வை.

ராத்தாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள். அதற்குப் பிறகுதான் தானும் எழுதுவாளாம்.

ஜூலை 26 – சனி

மாத்தளை பஸ்சில் போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தரம், அக்குறணையில் ஒரு தரம். போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தது ஆஸிகா. ராத்தா உள்ளறையில் பாயில் இருந்தார். இருக்கக் கதிரை தந்தார்கள். நான் நிலத்தில் இருந்தேன். முழுவதையும் சொன்னேன். ரவுட்டர் கதை வந்தபோது ராத்தா கண்ணை மூடித் திறந்தார். சொல்லி முடித்தபோது ஆஸிகா கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை கட்டியிருந்தது.

“அப்ப அந்த மனிசிக்கு ஒண்டுமே தெரியாது.”

“தெரியாது ராத்தா.”

“நான் அவக்கு ஏசினேன் கஜா. அந்தத் திங்கக்கெழம ராவு தொழுதுட்டு, அவட பேரைச் செல்லியே ஏசினேன்.”

நான் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“அந்த ஆளுக்கு முன்னுக்கு வந்தது என்ட முடிவு. வேல வேணும், மகள் படிக்கணும். அதுக்கு நான் அல்லாஹ்கிட்ட பதில் செல்லிக்குவேன். அத விடுங்க. ஆனா ஒண்டு கேக்கணும். ஏன் நீங்க எனக்காக வெக்கப்பட்டீங்க? எனக்கு வெக்கம் இல்லயே. இது அவருக்கு நான் செய்யிற மரியாத. நாலு மாசம் பத்து நாள் எனக்குத் தந்திருக்கிறது. அழவும் நெனைக்கவும் எனக்கிண்டு ஒதுக்கின நாள். முடிஞ்சா நான் எழும்பி, நல்ல உடுப்பு உடுத்து, றோட்டுக்குப் போவேன். ஒங்கட அம்மா எத்தன நாள் ஈந்தாங்க?”

“எங்களுக்கு நாள் இல்ல ராத்தா” என்றேன். “அது முடியிறது இல்ல.”

ராத்தா மெதுவாகச் சொன்னார்: “அப்ப ஒங்கட அம்மாட வெள்ளய எனக்கும் உடுத்திவிடப் பாத்திருக்கிறீங்க.”

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். “மாப்பு செஞ்சிட்டேன். அல்லாஹ்வுக்காகச் செஞ்சிட்டேன்” என்றார். அதைச் சொன்ன குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. “தேத்தண்ணியக் குடிங்க, ஆறிட்டு” என்றார். குடித்தேன். வாசல் வரை ஆஸிகாதான் வந்தாள்.

ஆகஸ்ட் 4 – திங்கள்

இன்று குழுவிடம் சொன்னேன். ராத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார், கறுப்புச் சதுரத்தில். பெரஹரா ஊர்வலத்துக்கு மதியத்திலிருந்தே றோட்டை மூடிவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே சனக்கூட்டத்தின் இரைச்சல், அதற்கு மேலால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தரம் கத்தினேன் என் பொய்யை.

ஜெயராஜ் எல்லோருக்கும் தெரியும்படி எழுதினான்: “பாயிஸா அக்கா, நான் உங்களைச் சந்தேகப்பட்டனான். பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” ராத்தா ஒரு சிரிப்பு முகம் போட்டார். அவனுக்கு மன்னிப்பு ஒரு வரியில் கிடைத்துவிட்டது.

சிங்களப் பிள்ளை சதுரிகா தனக்கு வந்த தமிழில் சொன்னாள்: “அக்கா, எங்க பக்கத்து வீடு முஸ்லிம். எனக்கு தெரியும் தானே அது. நீங்க ஃபியோனாக்கு சொல்லி இருக்கும்னு நான் நினைச்சது. ஒரு தரம் என்கிட்ட கேட்டிருந்தா சரி.”

தலைமையை விட்டுவிடுகிறேன் என்றேன். ஃபியோனா ஒப்புக்கொள்ளவில்லை. அது தப்பித்து ஓடுவதற்கு நல்ல வழி என்றாள். பதிலாக ஒன்று கேட்டாள்: தன்னோடு எப்படி வேலை செய்ய வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் தாமே ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் போட வேண்டும். மற்றவருக்காக யாரும் எழுதக் கூடாது.

ஆகஸ்ட் 9 – சனி

எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஜெயராஜ், தான் சத்தமாகப் பேசினால் கோபமென்று நினைக்க வேண்டாம், தங்கள் வீட்டில் பூனையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருக்கிறான். ஃபியோனா, தனக்கு ஒரு காது கேட்காது என்று எழுதியிருக்கிறாள். மூன்று வருடம், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ராத்தாவின் பக்கம் ஐந்து வரி. இத்தாவைப் பற்றி இரண்டு வரி, அவ்வளவு எளிதாக. நான் எழுதி வைத்திருந்த நான்கு வசனத்தைவிடக் குறைவு.

நான் ஐந்து நாளாக எழுதிக் கிழித்து, இன்று இதைப் போட்டேன்: “யாரிடமாவது சொல்லச் சொல்லி என்னிடம் ஒன்றைத் தந்தால், கஜா சொன்னாளா என்று அவரிடமே திரும்பக் கேளுங்கள்.”

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

பெரியப்பா மகளின் கல்யாணம், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில். அம்மா வழக்கம்போல தூணுக்குப் பின்னால் கடைசி வரிசையில். எனக்கு ராத்தாவின் கேள்வி நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதம் நடக்கும்போது எழும்பிப் போய், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணவறைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அட்சதையையும் கையில் திணித்தேன். எனக்குப் பெரிய புரட்சி செய்த நினைப்பு.

அம்மா அட்சதையைப் போட்டார். மணப்பெண் அவர் காலில் விழுந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முச்சக்கரவண்டியில் ஏறியதும்தான் பார்த்தேன், அம்மாவின் முகம் இறுகிப்போயிருந்தது.

“அத்தன பேரு பாக்க என்னை இழுத்துட்டுப் போனியே. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“உங்களுக்காகத்தானேம்மா...”

“எனக்காகத்தான். எப்பவும் எனக்காகத்தான். கேட்டிருந்தா வந்திருப்பேனோ என்னமோ. நீ கேக்கலயே.”

ஒரு மாதம்தான். அதே பிழை. பாடம் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

செப்டம்பர் 29 – திங்கள்

ராத்தாவின் இத்தா முடிந்துவிட்டதாம். ஜெயராஜ் சொன்னான். ராத்தா குழுவில் எழுதியிருக்கிறார், நான்தான் பார்க்கப் பிந்திவிட்டேன்.

அக்டோபர் 3 – வெள்ளி

சதுரம் வெளிச்சமாக இருந்தது. பச்சை முக்காடு. எல்லோரும் கை தட்டினோம். சதுரிகா அழுதாள். நேற்று மகளோடு கண்டிக்கு வந்து, வாவியைச் சுற்றி நடந்து, ஐஸ்கிரீம் குடித்துவிட்டுப் போனாராம். என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஃபியோனா கதை கேட்டாள், ஜெயராஜ் பகிடி விட்டான், ராத்தாவும் பழையபடி திருப்பி விட்டார். என்னிடம் ரோஸ்டரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

அக்டோபர் 17 – வெள்ளி

தீபாவளிக்கு மூன்று நாள். அம்மா முறுக்குப் பிழிகிறார். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். “இப்ப எல்லாத்துக்கும் கேக்குறா” என்று அம்மா சிரித்தார்.

இரண்டரைக் கூட்டத்துக்கு ராத்தா வரவில்லை. அவருடைய சதுரமே இல்லை. ஆறு வருடப் பழக்கத்தில் அவர் வராவிட்டால் முதலில் எனக்குத்தான் செய்தி வரும். வாட்ஸ்அப்பைப் பார்த்தேன், மின்னஞ்சலைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஃபியோனா வந்ததும், “பாயிஸா இன்றைக்கு வரமாட்டாள். எனக்கு எழுதியிருக்கிறாள், எல்லாம் சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த வாரத்து ரோஸ்டரைத் திறந்தாள்.

நடுவில் ஜெயராஜ் எனக்குத் தனியாக எழுதினான். “ஏன் அக்கா, பாயிஸா அக்கா வரேல்லை? ஏதும் சுகமில்லையோ?”

முன்பென்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். விரல் அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

“எனக்குத் தெரியாது தம்பி. அவங்ககிட்டயே கேளுங்க” என்று எழுதினேன்.

உண்மையாகவே எனக்குத் தெரியாது. ராத்தா என்னிடம் சொல்லவில்லை.